விளம்பரம் கேட்டு வந்த புகார்

புகார் பிரிவில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனில் கூப்பிடுகிறவர் சொல்வது ஒரு கோளாறு. அவர் இடத்தில் இருப்பது இன்னொரு கோளாறு. அவர் பொய் சொல்வதில்லை. பாவம், அவருக்கே தெரியாது. நம்மைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையில் “நெட் இழுக்கல” என்று சொல்லிவிடுவார். நீங்கள் “சார், ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று ராகம் போட்டுச் சொல்வதைப் போன வாரம் அலுவலகம் வந்தபோது வாசலில் நின்று கேட்டேன். நாங்களும் அதையே சொன்னவர்கள்தான். பாதிக் கோளாறு அதில் சரியாகிவிடும் என்பதையும் மறுக்கவில்லை. நான் பேசப்போவது மீதிப் பாதியைப் பற்றி.

போடியில் நம் அலுவலகம் வெறும் கேபிள் அலுவலகமாக இருந்தபோது நான் போன் எடுக்கச் சேர்ந்தேன். அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அது இன்டர்நெட் அலுவலகமாக மாறிவிட்டது. ஜனங்கள் தெருத்தெருவாகக் கேபிள் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, “நெட்டு குடுங்க, இனிமே எல்லாம் ஆப்புலதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேபிளை விடுவது எல்லோருக்கும் சுலபமாகத்தான் இருந்தது. விட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் தகராறு.

உத்தமபாளையத்தில் ஒரு பாய் இருந்தார். ஜவுளிக்கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் ஓய்வாக இருந்தவர். மகன் பேச்சைக் கேட்டுக் கேபிளை எடுத்துவிட்டார். மறுநாள் சாயங்காலமே போன் வந்தது.

“ஏம்மா, டிவில ஒண்ணுமே ஓடலையே?”

“படமெல்லாம் வரிசையா நிக்குதா பாய்?”

“நிக்குது. அம்புட்டும் நிக்குது. ஒண்ணும் ஓடல.”

“நீங்கதான் ஒண்ணப் பாத்து அமுக்கணும்.”

“நானே அமுக்குறதுக்கு நீங்க எதுக்கும்மா?”

யாரோ எங்கேயோ ஓடவிட்டதைப் பாதியிலிருந்து பார்த்தே பழகிய மனுஷர் அவர். அவரிடம் போய், உனக்கு என்ன பிடிக்கும் என்று டிவி கேட்டால் கோபம் வரத்தானே செய்யும். அதற்கப்புறம் சாயங்காலம் தவறாமல் கூப்பிட்டு, “இன்னைக்கு நீயே ஒண்ணு சொல்லும்மா” என்பார். நானும் ஏதாவது சொல்வேன். ஒருநாள் நான் சொன்ன படம் அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டு, மூச்சு விடாமல் திட்டினார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். கேபிளில் கண்ட படத்தைப் போடுகிறார்கள் என்று திட்டிக்கொண்டே பார்த்தவருக்கு, திட்ட ஆள் இல்லாமல் இருந்ததுதான் குறை. அதன் பிறகு அவர் புகார் செய்யவே இல்லை. திட்டுவதற்கு மட்டும் அவ்வப்போது கூப்பிடுவார்.

இப்படிப் புரிந்துகொள்ள எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மூத்த லைன்மேன். போன் மேஜையில் உட்காருவதற்கு முன்னால் என்னைக் கூடவே வீடு வீடாக அழைத்துப் போனார். வெளியே வந்ததும் கேபிளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். “டிவி எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு? அடுப்படியப் பாத்தா, கட்டிலப் பாத்தா?” என்று கேட்பார். தெரியவில்லை என்றால் மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். அந்த வீட்டில் யாருக்காக டிவி ஓடுகிறது என்று தெரியாமல் ரிப்பேர் பார்க்கக்கூடாது என்பது அவர் கட்சி. எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. ஏலக்காய்க் கூடத்துப் புகார் வந்த அன்றைக்குத்தான் அந்த மனுஷரை மனசுக்குள் கும்பிட்டேன்.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மலையிலிருந்து வரும் ஏலக்காயைப் போடியில் பெரிய பெரிய கூடங்களில் தரம் பிரிப்பார்கள். பெண்கள் வரிசையாகத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, தட்டில் காயைப் பரப்பி, பருத்த பச்சைக் காய் ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம் என்று ஒதுக்குவார்கள். முழுக்கக் கண் வேலை. ஒரு கூடத்துக்குள் போய் வந்தால் சேலையில் அந்த வாசம் இரண்டு துவைப்புக்குப் போகாது. அப்படி ஒரு கூடத்தின் முதலாளி நம் பழைய கேபிள் வாடிக்கையாளர். கூடத்துக் கோடியில் ஒரு டிவி காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும். பழைய சீரியல், மறுஒளிபரப்பு, சமையல் என்று என்ன வந்தாலும் ஓடும். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனால் சும்மா இருக்கமாட்டார். ஒருநாள் கூடத்து வாசலில் நின்று கவனித்திருக்கிறார். டிவியில் விளம்பரம் வந்ததும் எல்லாப் பெண்களும் தலையை நிமிர்த்துகிறார்கள். கழுத்தைச் சொடுக்குகிறார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவளிடம் நாத்தனாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறார்கள். சீரியல் திரும்ப வந்ததும் தலை குனிகிறது. முதலாளிக்குப் பொறி தட்டியது. விளம்பரமே இல்லாமல் செய்துவிட்டால், தலை நிமிராது, பேச்சு இருக்காது, வேலை ஓடோ ஓடென்று ஓடும். உடனே கேபிளை எடுத்துவிட்டு நெட் போட்டார். விளம்பரம் அறவே வராத திட்டமாகப் பார்த்து ஒரு ஆப் வாங்கினார். பழைய டிவியைத் தூக்கிவிட்டு, கதவைக் கழற்றிப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு டிவியையும் மாட்டினார்.

முதல் வாரத்திலேயே ஒரு புகார் வந்தது. கூப்பிட்டது ஈஸ்வரி. கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் பெண். என் வயதுதான் இருக்கும். ரிமோட் அவளிடம்தான் இருந்தது.

“யக்கா, இந்த டிவி எங்களக் கேள்வி கேக்குது.”

“என்ன கேள்வி?”

“இன்னும் பாத்துக்கிட்டு இருக்கீகளான்னு கேக்குது. நாங்க என்ன தூங்கவா செய்யுறோம்? கண்ணு அவிஞ்சுபோற மாதிரி வேல பாத்துக்கிட்டு இருக்கோம். எவ்வளவு திமிரு பாருங்க!”

ஆமாம் என்று ஒரு தடவை அமுக்கினால் போதும் என்றேன். “அதுக்கு ஒரு தடவ கையத் தொடச்சுட்டு ரிமோட்ட எடுக்கணுமா?” என்று முனகிக்கொண்டே வைத்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

பிறகு வந்ததுதான் பெரிய புகார். வடக்கே ஒரு வியாபாரி, முதலாளியிடம் முதல் தரம் வாங்கிப் பழகியவர், வந்த சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். முதல் தரத்து மூட்டைக்குள் வாய் பிளந்த காய் கலந்திருக்கிறது. அப்படி ஒன்று அந்தக் கூடத்தில் நடந்ததே இல்லை. முதலாளிக்குக் கோபத்தில் தலை கால் புரியவில்லை. மூட்டையை வாசலில் கொட்டிவிட்டு, “ஈஸ்வரிக்குக் கண்ணு மங்கிப்போச்சு. வீட்டுக்குப் போகச் சொல்லு” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

அந்த வார்த்தை சாதாரண வார்த்தை இல்லை என்பது உங்களுக்குப் புரியவேண்டும். வேலையிலிருந்து நிறுத்துவது ஒன்று. போடியில் கூடங்களுக்கா பஞ்சம், இன்னொன்றில் சேர்ந்துகொள்ளலாம். கண் மங்கிவிட்டது என்று சொல்லி நிறுத்தினால் எந்தக் கூடத்திலும் அவள் முன்னால் தட்டு வைக்கமாட்டார்கள். ஈஸ்வரி வீட்டில் அவள் சம்பளம்தான் சம்பளம். புருஷன் இடுப்பு ஒடிந்து உட்கார்ந்திருப்பவர். அவள் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “என் கண்ணு நல்லாத்தான் இருக்கு மொதலாளி. இந்த நெட்டு வந்ததுலருந்துதான் எல்லாம் கெட்டுச்சு.” முதலாளி உடனே நமக்குப் போன் போட்டார். நெட்டில் கோளாறா, ஈஸ்வரியிடம் கோளாறா, எனக்கு இன்றைக்கே தெரியவேண்டும் என்றார்.

நம் இளம் லைன்மேன் ஒருவர் போனார், வேகத்தை அளந்தார், அருமை என்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளிக்குத் திருப்தி இல்லை. லைன்மேன் மறுபடி போனார், மறுபடி அருமை. அவர் ஒவ்வொரு தடவை அருமை என்று சொன்னபோதும் அங்கே ஒரு பெண்ணின் வேலை போய்க்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. மூன்றாவதாக நானே கிளம்பினேன். மேனேஜர் வாசல் வரை வந்தார். “மல்லிகாம்மா, நெட்டுல கோளாறு இல்லைன்னு சொல்லிட்டு உடனே வந்துருங்க. அந்தம்மா விஷயம் அவங்க விஷயம். நமக்கு அது வேண்டாம்.” எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வது? நெட்டில் கோளாறு இல்லைதான்.

கூடத்துக்குள் போனேன். ஈஸ்வரி கடைசி வரிசைக்குப் பக்கத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி வாசல்படியில் காப்பி டம்ளரோடு நின்றார்.

“பாரும்மா, நல்லாப் பாரு. ஒண்ணு நீங்க கெளம்பணும், இல்ல அவ கெளம்பணும்.”

டிவி ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறேன் என்று சொல்லி ஈஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கூடத்தில் யாரும் வெறும் கையோடு உட்காரக்கூடாது. விருந்தாளியே வந்தாலும் காய் பரப்பிய ஒரு தட்டு முன்னால் வந்துவிடும். எனக்கும் வந்தது. போடியில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? சும்மா ஒதுக்க ஆரம்பித்தேன்.

டிவியில் ஒரு கொரியத் தொடர், தமிழில் பேசவைத்தது. ரொட்டிக்கடைப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் படுத்திருக்கிறான். அவனை விரும்பும் பெண்ணுக்கு அச்சு அசலாக அவள் மாதிரியே ஒரு இரட்டைத் தங்கை. அக்காவைப் போல உடுத்திக்கொண்டு வந்து அவனைத் தட்டிப்பறிக்கப் பார்க்கிறாள். படம் எங்கேயும் நிற்கவில்லை, சுற்றவில்லை, தண்ணீர் போல ஓடியது. நான் கவனித்தது வேறு. யாரும் பேசவில்லை. நம் சீரியலில் ஒருத்தி கதவைத் திறந்தாலே, “ஐயையோ, நான் இந்தக் கதவைத் திறக்கிறேனே, உள்ளே அத்தை இருப்பாளோ” என்று மனசுக்குள் சத்தமாகப் பேசுவாள். நாம் அடுப்படியில் இருந்தாலும் கதை தெரிந்துவிடும். இதில் அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள், நிற்கிறாள், பார்க்கிறாள், அவ்வளவுதான். யாரைப் பார்க்கிறாள்? நிமிர்ந்தால்தான் தெரியும். நிமிர்ந்தேன். வெளியே மழை பெய்கிறது. அவள் அழுகிறாளா, மழையில் நனைந்திருக்கிறாளா? இன்னும் கொஞ்சம் பார்த்தேன். பையனின் விரல் அசைந்த மாதிரி இருந்தது.

“யக்கா” என்றாள் ஈஸ்வரி மெதுவாக.

என் தட்டைக் குனிந்து பார்த்தேன். நான் பச்சைக் காய்க்கென்று ஒதுக்கிய குவியலில் வாய் பிளந்த காய்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தன. சட்டென்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். வரிசை வரிசையாக எல்லா முகமும் நிமிர்ந்து டிவியைப் பார்த்திருந்தது. கைகள் மட்டும் கீழே தன்போக்கில் ஒதுக்கிக்கொண்டிருந்தன. வாசல்படியில் முதலாளி டம்ளரை வாயருகே பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

“விரல் அசைஞ்சுச்சுல்ல?” என்றார் என்னிடம். “பொழச்சுக்குவான்ல?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிக் கோளாறு பிடிபட்டுவிட்டது. கேபிளில் ஓடிய சீரியல் காதுக்குப் போதும், கண் காயில் இருக்கும். இது கண்ணைக் கேட்கிறது. ஆனாலும் மீதிப் பாதி இடித்தது. பெண்கள் கவனம் சிதறி ஒதுக்கினாலும் மேற்பார்வைக்குத்தானே ஈஸ்வரி இருக்கிறாள்? அவள் தட்டுகளைச் சோதிக்காமலா மூட்டை கட்டினார்கள்?

“நீ எப்ப எந்திரிச்சுத் தட்டெல்லாம் பாப்ப?” என்று கேட்டேன்.

“விளம்பரம் வந்ததும் எந்திரிப்பேன்க்கா. வரிசையா ஒரு சுத்து சுத்தி, எல்லாத் தட்டையும் கிளறிப் பாத்துட்டு, விளம்பரம் முடியவும் வந்து உக்காந்துருவேன். அப்பத்தான் அவளுகளும் கண்ணுக்கு ஒரு மாத்தலா நிமிருவாளுக. பச்சையவே பாத்துக்கிட்டு இருந்தா எல்லாம் ஒண்ணாத் தெரியும்.”

“இப்ப?”

அவள் என்னைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். “இப்பத்தான் விளம்பரமே வரலையேக்கா!”

அவள் இத்தனை நாளும் விளம்பரத்துக்காகக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். வரும், வந்ததும் எழலாம் என்று. ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது அதுவாகவே தொடங்கிவிடுகிறது. எழுந்திரு என்று எதுவும் அவளுக்குச் சொல்லவில்லை.

இந்த நேரத்தில் என் போன் அடித்தது. மேனேஜர். “சொல்லிட்டீங்களா? நெட்டு நல்லா இருக்குல்ல?” முதலாளியும் காப்பியை வைத்துவிட்டு, கதையிலிருந்து வெளியே வந்து, முகத்தை மறுபடி கடுகடுவென்று ஆக்கிக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. நெட் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது சத்தியம். அந்தச் சத்தியம் ஒரு பெண்ணை வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். நெட்டில் கோளாறு என்று சொன்னால் அது பொய். நாளைக்கே திரும்பி வந்த மூட்டைக்குப் பதில் சொல்லு என்று நம் அலுவலகத்தில் வந்து உட்காருவார், அதுவும் நியாயம்தான். ஈஸ்வரி எழுந்திருக்க மறந்துவிட்டாள் என்று சொன்னால், அதுவும் சத்தியம்தான், ஆனால் அதைக் கேட்டதும் அவர் அடுத்த வார்த்தையைக் கேட்கமாட்டார். எதைச் சொல்வது என்பதைவிட எதை முதலில் சொல்வது என்பதுதான் அப்போது என் கையில் இருந்தது. போனில் மேனேஜரை இருங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் திரும்பினேன்.

“மொதலாளி, கேபிள எடுத்தப்ப நீங்க கூடவே வேற ஒண்ணையும் எடுத்துட்டீக.”

“என்னத்தம்மா எடுத்தேன்?”

“சரக்கச் சோதிக்கிற நேரத்த.”

விளம்பரம் வரும்போது ஈஸ்வரி என்ன செய்வாள், மற்றவர்கள் எதற்கு நிமிர்வார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் முகம் என்னென்னவோ ஆனது. ஈஸ்வரியைப் பார்த்தார்.

“அடிப் பாவி! விளம்பரம் வேணாம்னுதானடி கூடப் பணம் கட்டுனேன்!”

“எனக்கென்ன தெரியும் மொதலாளி? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல.”

“விளம்பரத்துல எந்திரிப்பேன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“அதப் போயி சொல்லுவாகளா யாராச்சும்?”

கூடம் கொல்லென்று சிரித்தது. முதலாளி தாடையைத் தடவிக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போலக் கேட்டார்: “ஏம்மா மல்லிகா, இந்த ஆப்புல விளம்பரம் போடச் சொல்ல முடியுமா?”

போனின் அந்தப் பக்கத்திலிருந்த மேனேஜருக்கு அது தெளிவாகக் கேட்டிருக்கிறது. “என்ன கேக்குறாரு?” என்றார். என் வேலைக் காலத்தில் விளம்பரம் வருகிறது என்று வந்த புகாருக்குக் கணக்கே இல்லை. விளம்பரம் வேண்டும் என்று வந்தது அது ஒன்றுதான். முடியும் என்றேன். விளம்பரத்தோடு வருகிற மலிவான திட்டம் ஒன்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். முதல் விளம்பரம், ஏதோ பாத்திரம் துலக்கும் சோப்பு, வந்தபோது ஈஸ்வரி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். எழுந்து முதலில் பார்த்தது என் தட்டைத்தான். அதை அப்படியே கொட்டிவிட்டாள்.

வரிசையெல்லாம் சுற்றி முடித்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். இரண்டு பெண்களைக் கூப்பிட்டு அதன் தாங்கியைப் பிடித்துத் திருப்பச் சொன்னாள். அத்தனை பெரிய டிவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

“ஏய், ஏய், என்ன செய்யுற?” முதலாளி பதறிவிட்டார்.

“வேல நேரத்துல எங்களுக்குச் சத்தம் போதும். பழைய சீரியலப் போட்டுக்கிறோம். மூஞ்சி வேணாம்.” சொல்லிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “நான் இங்கன இருக்கவா, போகவா மொதலாளி? அதச் சொல்லுங்க.”

“யார் உன்னப் போகச் சொன்னா? இரு.”

“அப்ப ஒண்ணு இருக்கு. இந்தக் கத இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. சனிக்கெழம சாயங்காலம் வேலைய ஒரு மணி நேரம் முன்னாடி முடிச்சு, டிவியத் திருப்பி வச்சு, மிச்சத்தப் பாத்துருவோம். அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி உண்டு.”

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வேலை போகிறதென்று அழுதவள் பேசுகிற பேச்சா இது! எனக்கே திக்கென்றது. முதலாளி மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த டிவியையே பார்த்தார்.

“நானும் வந்து பாக்கலாம்ல?” என்றார்.

சனிக்கிழமை எனக்கும் அழைப்பு வந்தது. இணைப்பு நடுவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பெயருக்கு ஒரு காரணம். தட்டுகளை அடுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். டிவி தொடங்கியதும் ஒரு விநோதத்தைக் கண்டேன். அவர்களுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தார்கள், எடுத்தார்கள், முந்தானையை முறுக்கினார்கள், ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் பூவைச் சரிசெய்தாள். கூடத்தில் காய் ஒதுக்கிக்கொண்டு, வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு என்றுதான் அவர்கள் இதுவரை டிவி பார்த்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்து பார்க்கத் தெரியாமல் அந்தப் பெண்கள் திணறினார்கள். என் கையும் சேலை நுனியைத்தான் மடித்துக்கொண்டிருந்தது.

முதலாளி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதையில் பையனுக்கு நினைவு திரும்புகிறது. கதவு திறக்கிறது. அந்தப் பெண் உள்ளே வருகிறாள், அழுகிறாள், அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வந்துட்டா பாரு, வந்துட்டா” என்றார்.

கடைசி வரிசையிலிருந்து ஈஸ்வரியின் குரல் வந்தது. “அது அவ இல்ல. தங்கச்சிக்காரி.”

“சும்மா இரு ஈஸ்வரி. அவளேதான்.”

“அவ இல்ல மொதலாளி. அவ கம்மல்ல கல்லு பச்சை. இது கொஞ்சம் வெளுத்த பச்சை.”

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து டிவிக்கு முன்னால் போய், கிட்டத்தில் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதற்குள் டிவியில் நிஜ அக்கா வாசலில் வந்து நின்றாள். உள்ளே இருந்தவளின் முகம் மாறியது. கூடம் முழுக்க ஓவென்று சத்தம் எழுந்தது.

முதலாளி திரும்பி, இரண்டு கையையும் விரித்து, ஆச்சரியம் தாங்காமல் கத்தினார்: “இம்புட்டுத் தூரத்துலருந்து எப்படித் தெரியுது பாரு! இவளுக்குப் போயி கண்ணு மங்கிப்போச்சுன்னு எந்தப் பய சொன்னான்?”

அத்தனை பெண்களும் டிவியை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

ஈஸ்வரிதான் முதலில் பேசினாள். “மறைக்காம உக்காருங்க மொதலாளி, படம் தெரியல.”